சந்தனச் சீவல்ல தும்முன இளவரசங்க

சந்தனம் நல்லதுதான் நிகிலா, யார் இல்லேன்னா? நெத்தியில வச்சா நல்லது. உன் கினிப்பன்றிக்கு அடியில மணக்குற மரச்சீவலைக் கொட்டினா நல்லதில்ல. கடைக்காரர் சொன்னார், கடைக்காரர் சொன்னார்ங்கிறியே, ஒரு ராஜாவே இதே தப்பைப் பண்ணிட்டு முழிச்சார். கேளு.

ஏழு கடலும் இன்னும் குளமா இருந்த காலம். அப்ப ஒரு நாட்டுல, ராஜா வீட்டுல பொறந்தவங்க தொட்டில்லேர்ந்தே சந்தனச் சீவல் அடைச்ச மெத்தையிலதான் படுக்கணும்னு வழக்கம். அந்த ராஜாவுக்கு ரெண்டு பசங்க. மரத்தடியில தூங்கிட்டிருந்த ஒரு மந்திரவாதிக்குக் கீழேருந்து விளையாட்டா பாயை உருவிட்டாங்க. அவன் எழுந்தான், விரலைச் சொடுக்கினான். ரெண்டு பேரும் கினிப்பன்றி.

"மூணு நாள் தவணை. அதுக்குள்ள ஒரு பகல் முழுக்க தும்மாம, முனகாம, முழிக்காம தூங்கினா மனுஷங்க. இல்லேன்னா கடைசி வரைக்கும் இப்படியேதான்"னு சொல்லிட்டுப் போயிட்டான்.

முதல் நாள், இருக்கறதுலயே உசந்த சந்தனச் சீவலைக் கொட்டினார் ராஜா. அச்சு, அச்சு, அச்சு. ரெண்டுக்கும் கண்ணுல தண்ணி.

தும்மல்னதும் என் ஓரகத்தி தம்பி ஞாபகம் வருது. மரம் அறுக்கிற பட்டறையில வேலை. தாலியைக் கையில எடுத்தான், தும்மிட்டான். மேளச் சத்தத்துல யாருக்கும் கேக்கல, பொண்ணுக்கு மட்டும் கேட்டுடுச்சு. இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா. அது கெடக்கட்டும்.

ரெண்டாம் நாள் இலவம்பஞ்சு. பெரியவன் கொறிச்சுக் கொறிச்சுத் தொண்டையில சிக்கிக்கிட்டான். வைத்தியர் இழுத்து எடுக்கறதுக்குள்ள ராணிக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு.

மூணாம் நாள் விடியறப்ப, குதிரை லாயத்துக்குப் புல் அறுக்கிற செம்பா ஒரு காஞ்ச புல்லுக் கட்டோட வந்து நின்னா.

"என் பிள்ளைங்க குதிரை திங்கிறதுலயா படுக்கறது?"ன்னார் ராஜா.

"இன்னிக்கு இதுங்க பிள்ளைங்க இல்லீங்க ராசா. எது மேல படுக்குதோ அதையே திங்கிற சாதி. தின்னாலும் வயித்துக்கு ஆகணும்ல?"

"மணமே இல்லையே."

"அதாங்க வேணும்."

ராணி எழுந்து வந்து, "வழக்கத்தை நாளைக்குப் பாத்துக்கலாம், நீ போடும்மா"ன்னா.

செம்பா பிடி பிடியா மோந்து பாத்தா. பூஞ்சை வாடை அடிச்சதை எறிஞ்சா. தூசி போக மூணு தடவை உதறினா. நல்லாக் காஞ்சதை மட்டும் கெட்டியாப் பரப்பினா. ரெண்டும் உள்ள பூந்துச்சுங்க, கொஞ்சம் தின்னுச்சுங்க, தூங்கிடுச்சுங்க. மத்தியானம் ஆச்சு, தும்மல. சாயந்திரம் ஆச்சு, முனகல. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாத்தா, தலையெல்லாம் புல்லோட ரெண்டு தடிப்பசங்க குறட்டை விட்டுட்டுக் கெடக்கானுங்க.

ராஜா அன்னிக்கே செம்பாவை அரண்மனைப் படுக்கைக்கெல்லாம் அதிகாரியாக்கினார். அவ முதல் வேலையா ராஜாவோட சந்தன மெத்தையைத் தூக்கி வெளிய போட்டா. இருபது வருஷமா காலையில எழுந்ததும் வர்ற தும்மல் அவருக்கும் நின்னுடுச்சு.

ஏ நிகிலா, தூறல் போடுது பாரு. உன் கினிப்பன்றிக்குன்னு மாடியில நான் காயப் போட்ட புல்லை நனையறதுக்குள்ள உள்ள எடுத்துட்டு வாடி.