ராசா உட்கார்ந்த பள்ளம்

ஒரு மலைமேல ஒரு கோட்டை இருந்துச்சு, மலைக்குக் கீழே ஒரு ஏரி, ஏரிக்கரைக்கும் கீழே ஏழு ஊர். கோட்டையில இருந்தவன் அகண்டபூபதின்னு ஒரு ராசா. பேர்தான் பெருசு. கடைசி ஊர்ல இருந்தவ தொப்பளாயி, வாத்து மேய்க்கிறவ.

ராசாவுக்கு எட்டடுக்கு மாளிகை மேல ஆசை. செங்கல் சுட, சுண்ணாம்பு சுட, விறகுக்காக மலையில இருந்த மரத்தையெல்லாம் வெட்டினான், மலை மொட்டையாச்சு, அப்புறம் பெஞ்ச மழை நிக்க இடமில்லாம ஒரே ஓட்டமா இறங்கி ஏரிக்கரையை அரிச்சுத் தின்னுடுச்சு. கரை நடுவுல ஆளுயரப் பள்ளம். தொப்பளாயியோட நூறு வாத்துல எழுபது போச்சு, குடிசையும் போச்சு. ராசாவுக்கு என்ன போச்சுன்னு கேக்காதே. அவன்தான் மேலே இருக்கானே.

ஏழு ஊரும் மேலே ஏறிப் போய் நியாயம் கேட்டாங்க.

"கரை எல்லாருக்கும் பொது. ஏழு ஊரும் கோட்டையும் சேர்த்து நாம எட்டுப் பேர். ஆளுக்கு எட்டில் ஒண்ணு மண் போடுவோம்"னான் ராசா.

"மரம் வெட்டினப்பவும் எட்டாத்தான் பிரிச்சீங்களா சாமி?"ன்னா தொப்பளாயி.

சபையே சிரிச்சிடுச்சு. ராசாவுக்கு மூஞ்சி செவந்துபோய், "சரி, பள்ளம் என் பங்கு. அடைச்சுத் தர்றேன்"னுட்டான்.

முதல் வருஷம், ராசா மண் போடப் போறார்னு தமுக்கு வந்துச்சு. மண் வரலை. ரெண்டாம் வருஷம், ராசா பள்ளத்தை அடைச்ச பெருமையைப் பாடிக்கிட்டுப் பாட்டுக்காரங்க வந்தாங்க. மண் வரலை. மூணாம் வருஷம் மந்திரி வந்தான். "பத்து வண்டி மண் தர்றோம், பன்னெண்டாத் திருப்பிக் கொடுங்க."

"இடிச்சவனே வட்டிக்கு விடுறானா? போய்யா!"ன்னு தொரத்திட்டா தொப்பளாயி. அதுக்குள்ள ஏழு ஊரும் கூடை சுமந்து, பள்ளம் தவிர மிச்சக் கரையில தங்களோட பங்கை முடிச்சிருந்துச்சு.

அந்த ஏரிக்கு ஒரு வழக்கம். கரை வேலை முடிஞ்சதும் வர்ற முதல் பெருமழையில ஊருக்கொரு தலைவரும் கோட்டைக்கு ராசாவும் அவங்கவங்க பங்குக் கரையில உட்காரணும். மழை விடறதுக்குள்ள எழுந்தா அவங்களுக்கு அந்த வருஷம் ஏரித்தண்ணி கிடையாது. கோட்டைக்கும் அந்தத் தண்ணிதான்.

ராசா பல்லக்குல வந்தான். பாட்டுல பள்ளம் அடைஞ்சிருந்துச்சு, மடையன் பாட்டை நம்பிட்டான்.

"உங்க பங்கு இங்கே மகாராசா"ன்னு பள்ளத்துல பலகை போட்டா தொப்பளாயி.

மழை பிடிச்சுது. தண்ணி கணுக்காலுக்கு வந்துச்சு. "எட்டில் ஒண்ணு போடுறேன்!"னான். முழங்காலுக்கு வந்துச்சு. "பாதி போடுறேன்!"னான். இடுப்பைத் தாண்டிப் பள்ளத்து வழியா வழிஞ்சு அவ புதுக் குடிசை வாசலை நனைச்சுது. மிச்ச வாத்து கத்துது.

கழுத்துக்கு வந்துச்சு. "தாயே, முழுசும் என் பொறுப்பு!"

"கடனாவா?"

"சும்மா, சும்மா! திருப்பியே தர வேண்டாம்!"

"அப்ப உன் சேவகர்களை மண்ணெடுக்க அனுப்பு."

மலையில தோண்ட மண் ஏது? எல்லாம் கழுவிட்டுப் போயிருந்துச்சு. சேவகர்கள் மாளிகையோட எட்டாவது அடுக்கை இடிச்சாங்க, ஏழாவதை இடிச்சாங்க, ஆறாவதையும் இடிச்சாங்க. அந்தக் கல்லை ராசாவைச் சுத்திக் கொட்டி, அவனைக் குடுமியைப் பிடிச்சுத் தூக்கின பிறகுதான் பள்ளம் அடைஞ்சுது. குடிசை தப்பிச்சுது, முப்பது வாத்தும் தப்பிச்சுது.

கெடுத்தவன்தான் முதல்ல கூடையைத் தூக்கணும், அவ்வளவுதான். வாத்து கரையேறியாச்சு, கதையும் ஏறியாச்சு. படு.