வலியை வரவழைத்த பால்பல்

ஒரு காலத்தில், அதற்காக ரொம்பத் தூரம் போக வேண்டாம், நம் காலத்தில்தான், கோவில்பட்டிப் பக்கத்தில் சண்முகக்கனி என்ற சிறுமியின் வாய்க்குள் ஒரு பால்பல் குடியிருந்தது. கீழ்வரிசையில், இடது பக்கம், கடைசி வீடு அதனுடையது. அதற்குப் பின்னால் வெறும் ஈறுதான்.

முன்பற்களுக்குச் சிரிப்பதும் போட்டோவுக்கு நிற்பதும் வேலை. அரைக்கிற பாடெல்லாம் பால்பல்லின் தலையில் விழுந்தது. முறுக்கோ சீடையோ, எது வந்தாலும் முகம் சுளிக்காமல் அரைத்துத் தள்ளும். கடலைமிட்டாய் மட்டும் அரைபட்ட பிறகும் போக மனமில்லாமல் அதன் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்படிக் கிடந்து கிடந்து அங்கே ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அதில் ஜில்லென்று ஏதாவது பட்டால் உயிர் போகும். அதனால் பால்பல் நாக்கிடம் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. குளிர்ந்த பண்டம் எது வந்தாலும் நாக்கு அதை வலப்பக்கம் தள்ளிவிடும். கனிக்குப் பள்ளம் இருப்பதே தெரியாமல் நாள் ஓடியது.

கனிக்கு ஆறு வயது முடிந்த சமயம், பின்னால் ஈறு பிளந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"யாருப்பா அது, சொல்லாமக் கொள்ளாம வர்றது?" என்றது பால்பல்.

"நான்தாண்ணே. இங்க இடம் சும்மா கிடந்துச்சு. வந்துட்டேன்."

பால்பல் திரும்பிப் பார்த்து மலைத்துப் போனது. எவ்வளவு அகலமான தலை! அதில் எத்தனை மேடு, எத்தனை வாய்க்கால்! "நீ எங்க ஆளு இல்லையே தம்பி?" என்று கேட்டது.

"இல்லண்ணே. நான் ஒரே தடவைதான் முளைப்பேன். கனி கிழவியாகிற வரைக்கும் நான்தான் அரைக்கணும். எனக்குப் பின்னாடி மாத்து ஆள் கிடையாது."

பொறாமை வரவேண்டிய இடம் இது. பால்பல்லுக்கு வந்ததோ மரியாதை. அன்று முதல் அதன் கண் எப்போதும் தம்பியின் மேலேயே இருந்தது.

முன்பல் ஒன்று ஆடினால் வீடே திரண்டு வந்து ஆட்டிப் பார்க்கும். புதுப்பல்லோ எந்தப் பல்லையும் தள்ளிவிட்டு வரவில்லை. எதுவும் விழாததால் புதிதாக ஒன்று வந்திருப்பது யாருக்கும் தெரியவில்லை. காலையில் பிரஷ் வரும், பால்பல்லைத் தேய்க்கும், பின்னால் தாழ்வாக நின்ற புதுப்பல்லின் தலைக்கு மேலாகவே போய்விடும். கடலைமிட்டாய்ப் பாகு மட்டும் தவறாமல் வந்து அந்த வாய்க்கால்களில் உட்கார்ந்துகொண்டது. சில மாதங்களில் அங்கே கறுப்பாய் ஒரு கோடு விழுந்தது.

கனியின் அம்மா தங்கபுஷ்பம் ஒருநாள் மகளுக்குத் தலை பின்னும்போது அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, நல்லா ஆ காட்டு. கடைசில என்ன கறுப்பா இருக்கு? சரி, பால்பல்லுதான. விழுந்து நல்ல பல்லா முளைச்சிரும்."

மகள் காலில் முள் குத்தினாலே துடித்துப் போகிறவள்தான் தங்கபுஷ்பம். ஆனால் சின்னப் பிள்ளை வாயில் விழாமல் இருக்கிற பல்லெல்லாம் பால்பல் என்பது அவள் எண்ணம். அந்தத் தெருவில் எல்லாருடைய எண்ணமும் அதுதான்.

பால்பல் பதறிப் போனது. "தம்பி, உனக்கு வலிக்குதா?"

"இல்லண்ணே. கூச்சம்கூட இல்ல."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

பயப்படாமல் என்ன செய்யும்? பல்லின் மேலோடு இருக்கிறதே, அது எலும்பைவிட உறுதியானது. நம் உடம்பில் அதைவிடக் கெட்டியான பொருள் கிடையாது. ஆனால் அரிக்கும்போது அதற்குக் கத்தத் தெரியாது. அரித்துப் போன பள்ளம் தானாக வளர்ந்து மூடுவதும் இல்லை. வலி தெரிய ஆரம்பிக்கும்போது பாதிப் பல் போயிருக்கும்.

பால்பல் நாக்கிடம் கெஞ்சியது. "நீதான் வெளியில பேசுற ஆளு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"கனி நினைக்கிறதத்தான் நான் பேச முடியும்," என்றது நாக்கு. "அவ இப்ப சேமியா ஐஸைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கா. நீ ஏன் இப்படி அலட்டிக்கிடுத? நான் கடிபட்டா ரெண்டு நாள்ல ஆறிப் போகுதுல்லா? அதே மாதிரி அவனுக்கும் ஆறிரும்."

"உனக்கு ஆறும். எங்களுக்கு ஆறாது."

பால்பல் யோசித்தது. பல்லுக்குத் தெரிந்த ஒரே பேச்சு வலி. தம்பியிடம் அது இன்னும் இல்லை. தன்னிடம் இருக்கிறது. ஆனால் வலிக்கிற பல்லைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள் என்பதும் அதற்குத் தெரியும். மேல்வரிசையில் ஒரு பால்பல் அப்படித்தான் போனது.

மறுநாள் மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் கனி சேமியா ஐஸைக் கடித்தாள். நாக்கு வழக்கம்போல வலப்பக்கம் தள்ளப் போனது.

"தள்ளாத. இங்க கொண்டா," என்றது பால்பல்.

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"கொண்டான்னு சொல்லுதேன்ல!"

ஐஸ் பள்ளத்துக்குள் இறங்கியது. கனி போட்ட அலறலில் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. சேதி கேட்டு ஓடி வந்த தங்கபுஷ்பம் மகளைத் தூக்கிக்கொண்டு அப்படியே பல் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

"டாக்டரம்மா, இந்தப் பால்பல்லுதான் பிள்ளையப் பாடாப் படுத்துது. பிடுங்கிருங்க. பின்னாடி உள்ளதும் கறுத்துப் போச்சு. அதையும் சேத்து எடுத்துருங்க. எப்படியும் விழப்போறதுதான?"

பால்பல் தன்னையே நொந்துகொண்டது. தம்பியைக் காப்பாற்ற இவ்வளவு தூரம் இழுத்து வந்து, கடைசியில் கொலைக்களத்தில் அல்லவா கொண்டுவந்து விட்டோம்!

டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு நிதானமாகப் பார்த்தார். "பின்னாடி உள்ளது விழும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"விழுந்து முளைக்காதா?"

"முளைச்சதே அதுதாம்மா. ஆறு வயசுல, எந்தப் பல்லும் விழாமலேயே பின்னாடி வந்துரும். எல்லாரும் பால்பல்லுன்னு நெனச்சு விட்டுடுறாங்க. இதை எடுத்தா இன்னொண்ணு வராது. நல்லவேளை, மேலாகத்தான் அரிச்சிருக்கு. சுத்தம் பண்ணி அடைச்சிடலாம்."

"அய்யய்யோ, நல்ல பல்லையா பிடுங்கச் சொன்னேன்!" தங்கபுஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப வலிக்கிற பல்லையாவது எடுத்துருங்க."

"அதையும் இப்ப எடுக்கக் கூடாது. அதுக்குக் கீழ ஒரு பல்லு வளருது. இது போயிட்டா பின்னாடி பல்லு முன்னால சாஞ்சு வழியை அடைச்சிடும். கீழ உள்ளதுக்காக இது இடம் பிடிச்சு வச்சிருக்கு. மருந்து வச்சு மேல ஒரு தொப்பி போட்டுடுறேன். அதோட காலம் வரைக்கும் நிக்கட்டும்."

அன்று சாயங்காலம் பால்பல் தலையில் எஃகுத் தொப்பியோடு வீடு திரும்பியது. பக்கத்தில் தம்பி பத்திரமாக இருந்தான். கனியின் பிரஷ் அன்றிலிருந்து அவன் தலையையும் தேய்க்கத் தொடங்கியது.

வருடங்கள் போயின. ஒருநாள் அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணே, வளர இடம் பத்தல. கொஞ்சம் வழி விடுங்க."

"இப்ப நகர முடியாதுப்பா. நான் போனா இடம் போயிரும். என் வேர் இருக்குல்லா, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சுக்கிட்டு வா."

அடியில் வேர் கரைந்தது. மேலே முறுக்கும் சீடையும் வழக்கம்போல அரைபட்டன. அண்ணன் லேசாக ஆடுவதைப் பின்னால் நின்ற தம்பி கவனித்துவிட்டான்.

"இன்னைக்கு நீங்க சும்மா இருங்கண்ணே. நான் பாத்துக்கிடுதேன்."

"உனக்குக் கனி ஆயுசு முழுக்க வேலை கிடக்கு. ஏன் இப்பவே பறக்குத?" என்றது பால்பல். மறுபடியும் அரைக்கத் தொடங்கியது. அந்தத் துளிப் பல்லுக்குள் அவ்வளவு வீம்பு! கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கனி பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன வருடம், அப்பளத்தோடு சோறு தின்னும்போது அது தானாகவே கழன்று அவள் கையில் விழுந்தது. துளி ரத்தம்கூட இல்லை. அது இருந்த இடத்தில், நேராக, வெள்ளையாக ஒரு புதுமுனை தெரிந்தது.

தங்கபுஷ்பம் அந்தப் பல்லைக் குழாயில் கழுவி, தொப்பியோடு திருப்பிப் பார்த்தாள். ஆணி மாதிரி நீளமாக ஏதாவது இருக்கும் என்று தேடினாள்.

"ஏட்டி கனி, இங்க வந்து பாரேன். இதுக்கு வேரே இல்ல. இத்தன நாளும் எதப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு இது?"