அசையாத இருநூற்று முப்பது

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டிய காலம் அது. அம்பத்தூர்க் கம்பெனி ஒன்றின் சோதனைக் கூடத்தில், ஒவ்வொரு மின்சார மீட்டராக நடந்துபோய்ப் பார்த்து அளவு குறித்துக்கொண்டிருந்தவள் சகாயமேரி. மேனேஜர் கோதண்டபாணி எல்லா மீட்டருக்கும் ஒயர் இழுத்து, நெட்வொர்க்கில் கோத்து, தன் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"இனிமே எல்லாத்தையும் இந்தத் திரையே சொல்லிடும். இதுக்குத் தெரியாதது ஒண்ணை நீ சொல்லு பார்ப்போம். இல்லேன்னா நாளைலேர்ந்து பேக்கிங்குக்குப் போயிடு."

வெறுங்காலோடு நின்ற சகாயமேரி ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "மெயின் லைன் மீட்டர் இப்ப எவ்வளவு காட்டுது சார்?"

"இருநூத்து முப்பது வோல்ட். எப்படி அசையாம நிக்குது பாரு!" திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஃபேனும்தான் சார் அசையாம நிக்குது. கரண்ட் போய்ப் பத்து நிமிஷம் ஆச்சு."

பேட்டரியில் ஓடிய கம்ப்யூட்டர், அணைந்துபோன மீட்டரின் கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது.

சகாயமேரி பேக்கிங்குக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் நாலு மாறிவிட்டது. செருப்பையும் இப்போது யாரும் கழற்றுவதில்லை. கோதண்டபாணி தன் கையால் எழுதிய சீட்டு மட்டும் ஒவ்வொரு புதுத் திரையின் மூலைக்கும் இடம் மாறிக்கொண்டே வருகிறது: 'முதலில் ஃபேனைப் பார்.'