மன்னருக்காக நடந்தவன்

இன்ன நாடு, இன்ன ஊர் என்று கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் மகுடவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நல்ல மனுஷர். ஆனால் சிம்மாசனத்திலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். நாலு படி ஏறினால் அவர் மூச்சு இரைக்கும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அரண்மனை வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"மகாராஜா, பத்தாயத்தின் மேல்வாயில் நெல்லைக் கொட்டிக்கொண்டே இருக்கிறோம், கீழ்வாயைத் திறப்பதே இல்லை. தாங்கள் உணவைக் குறைத்துத் தினமும் நடக்க வேண்டும். இப்படியே போனால் இதயம் தாங்காது."

"நடக்கவா? நானா?" ராஜாவுக்கு ஆச்சரியம் தாளவில்லை. "எனக்காக ஏகாதசி விரதம் இருக்கப் புரோகிதர் இருக்கிறார். எனக்காகக் கோயிலில் அங்கப்பிரதட்சிணம் செய்ய ஒரு சேவகன் உருள்கிறான். புண்ணியம் எனக்குத்தானே வந்து சேர்கிறது? நடப்பதற்கும் ஒருவனை நியமியுங்கள்."

பிரதானி நாகலிங்கர் முன்னால் வந்தார். அரசவை விகடகவி சாத்தப்பனைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல். அவன் பேச்சுக்கு ராஜா சிரித்த நாளில் இவருக்குச் சோறு இறங்காது.

"அரசே, தங்கள் பெயரால் நடக்கச் சாத்தப்பனைவிடத் தகுந்தவர் யார்? வரும் பிறந்தநாள் துலாபாரத்தில் தங்கள் எடை சென்ற ஆண்டைவிடக் குறையாவிட்டால், அவன் ஒழுங்காக நடக்கவில்லை என்றுதானே பொருள்? அரச கட்டளையை ஏய்ப்பவனுக்குச் சிரச்சேதம் என்பது தாங்கள் அறியாததல்ல."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா, அதிரசத்தைக் கடித்துக்கொண்டே.

ஒருவன் நடந்தால் இன்னொருவர் இளைக்க மாட்டார் என்று வாயைத் திறந்து சொல்லச் சாத்தப்பனுக்கு வழியில்லை. 'அப்படியானால் என் விரதமும் பலிக்காதா?' என்று ராஜா கேட்பார். புரோகிதர் கூட்டம் முழுவதும் பகையாகிவிடும். எனவே பேசாமல் ஏரிக்கரையில் நடந்தான். வெயிலில் நடந்தான், தூறலில் நடந்தான். ஊரையே சிரிக்க வைத்தவனுக்குச் சிரிப்பு மறந்துபோயிற்று. தூக்கத்தில்கூடக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அவன் மனைவி பொன்னாச்சி ஒருநாள் அழுதேவிட்டாள்.

"என்னங்க, வேட்டி உங்க இடுப்புல நிக்க மாட்டேங்குது. அங்க ராஜாவுக்கு அங்கி தைக்கிறவன் துணி பத்தலைன்னு பொலம்புறான். நீங்க நடந்தா அவரு எப்படிங்க எளைப்பாரு?"

"அதான் பயமா இருக்கு பொன்னாச்சி."

"அவரா எழுந்து நடக்கவே மாட்டாரா?"

"கோபம் வந்தா எழுந்திருப்பாரு..." என்று சொல்லி வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

மறுநாள் சாயங்காலம், பிரதானியின் ஒற்றன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஏரிக்கரைப் புங்க மரத்தடியில் சாத்தப்பன் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டான். செய்தி பறந்தது. ராஜாவுக்குக் கண் சிவந்தது.

"அந்தச் சோம்பேறியை என் கையாலேயே பிடிக்கிறேன்!"

பல்லக்கில் போனார். தூக்குகிறவர்களின் பாட்டு அரைக்காதத்துக்குக் கேட்டது. போய்ச் சேர்ந்தபோது சாத்தப்பன் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தான். ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் பலகாரத் தட்டைத் தள்ளிவிட்டு, சத்தமில்லாமல் பிடிப்பதற்காகக் கால்நடையாகவே கிளம்பினார். சாத்தப்பன் ஏரிக்கு அப்பால் மாந்தோப்புக்குப் போயிருந்தான். அங்கே தேடி வந்தால் மலையடிவாரத்துக்கு மாறினான். தினமும் பலகார வேளையில் இதே வேட்டை.

சாத்தப்பன் நிம்மதியாகவா படுத்திருந்தான்? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ராஜாவின் மூச்சிரைப்புக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். அது கேட்டதும் எழுந்து நடப்பான். முதலில் மூன்று வயலுக்கு அப்பால் கேட்டது. பிறகு ஒரு வயலுக்கு அப்பால். பிறகு பக்கத்து வரப்பில். சத்தம் குறையக் குறைய அவனுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், நடுக்கம் ஒரு பக்கம்.

துலாபாரத்துக்கு முந்தைய நாள் எதுவுமே கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் தலைமாட்டில் ராஜா நின்றுகொண்டிருந்தார்.

"அகப்பட்டாயா!"

அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. சாட்சிக்கு வந்த நாகலிங்கர்தான் பின்னால் நாக்குத் தள்ள நின்றார்.

"அரசே," சாத்தப்பன் எழுந்து கைகூப்பினான், "துலாபாரம்தான் தீர்ப்பு என்பது தங்கள் வாக்கு. அதுவரை என் தலை இருந்த இடத்தில் இருக்கட்டும்."

மறுநாள் கோயிலில் கொலைவாளும் வந்திருந்தது. ஒரு தட்டில் சென்ற ஆண்டின் எடைக்கற்களை அடுக்கினார்கள். 'ராத்திரி கூடுதலாக நாலு அதிரசம் தின்றிருப்பாரோ?' என்று சாத்தப்பன் ராஜாவின் வயிற்றையே பார்த்தான். கூட்டத்தில் பொன்னாச்சி கண்ணை மூடிக்கொண்டாள். ராஜா மறுதட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கற்கள் இருந்த தட்டு தரையைத் தொட்டது. ராஜா மேலே போய் ஊசலாடினார்.

"இது எப்படி?" அந்தரத்திலிருந்தே கேட்டார். "நீ படுத்தல்லவா கிடந்தாய்?"

"அரசே, நான் நேர்மையாக நடந்த காலத்தில் தாங்கள் பருத்தீர்கள். அரசரின் சார்பில் நடக்க நான் தகுந்தவனல்லன் என்று புரிந்தது. தகுந்தவர் ஒருவரைத் தேடி அந்த வேலையை ஒப்படைத்தேன். அவர் பலகாரத்தையும் விட்டுவிட்டு, ஏரி, தோப்பு, மலை என்று ஒருநாள் தவறாமல் நடந்தார். இப்போது தட்டில் உட்கார்ந்திருக்கிறார்."

ராஜா சிரித்தார், தராசுச் சங்கிலி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"இறங்கிய எடை எவ்வளவோ, அவ்வளவு பொன் சாத்தப்பனுக்கு! ஆனால் நாளைச் சாயங்காலம் நான் யாரைத் துரத்துவது? இவன் இனி வீட்டில் தூங்கட்டும். பிரதானியாரே, நீர் முன்னால் போய் ஒளிந்துகொள்ளும்."

"பிடிபட்டால், அரசே?" என்று கேட்டார் நாகலிங்கர்.

"இவனுக்கு நீர் கேட்ட அதே தண்டனைதான்."

மறுநாள் சாயங்காலம் பொன்னாச்சி வாசலில் நின்று கூப்பிட்டாள். சாத்தப்பன் எட்டிப் பார்த்தான். பிரதானி நாகலிங்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, ஏரிக்கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.