ரத்தக் குழாயின் உள்பூச்சு

அறுவைச் சிகிச்சையில் வெட்டி எடுத்த உறுப்புகளைச் சோதித்துப் பார்க்கும் துறை அது. துறைத் தலைவி டாக்டர் நூர்ஜஹான். அவரிடம் படிக்க வந்த டாக்டர் தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆசிரியை எட்டு வயது இளையவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை, முழங்காலுக்குக் கீழே எடுத்த கால் ஒன்று வந்தது. சீட்டில் தேவசகாயத்தின் மனைவி ரூபியின் பெயர்.

"நான் பார்த்துக்கறேன் சார். நீங்க வார்டுக்குப் போங்க."

"இல்ல மேடம். நானே அறுக்கேன்."

இருபது வருடம் ஊருக்கெல்லாம் சர்க்கரைக்கு மாத்திரை எழுதியவர், சொந்த வீட்டில் கோட்டை விட்டுவிட்டார். அவருக்கு அழுகை வரவில்லை. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"இது எந்த நாள்ல ஆரம்பிச்சது மேடம்? அது தெரிஞ்சா இன்னொரு காலையாவது காப்பாத்திருவேன்."

நூர்ஜஹான் கத்தியை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

தேவசகாயம் ரத்தக் குழாயை நீளவாக்கில் பிளந்தார். உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்தார். குழாயின் உள்பக்கத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித்தருவது. அன்றைக்கு அவருக்கு அது நினைவில் இல்லை. ரூபியின் முகத்தைத் துடைப்பதுபோல மெதுவாகத்தான் துடைத்தார்.

நூர்ஜஹான் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

வியாழக்கிழமை சிலைடு தயாரானது. தேவசகாயம் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"உள்பூச்சையே காணோம் மேடம். ஒரு செல்கூட இல்ல. எல்லாத்தையும் வியாதி தின்னுட்டு."

"வியாதி கொஞ்சம் தின்னிருக்கும். மிச்சத்தை நீங்க துடைச்சுட்டீங்க."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் அழுத்தவே இல்லையே."

"ஒரே ஒரு செல் கனம்தான் சார் அது. அது வழவழன்னு இருக்கிறவரைக்கும் ரத்தம் ஒட்டாம ஓடும். அது கெட்டுப்போன இடத்துல ரத்தம் ஒட்டி, உறைஞ்சு, அடைச்சுக்கும். துடைக்கும்போது உங்க கைக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியல."

"உங்க மனைவிக்கும் தெரிஞ்சிருக்காது. அது போகும்போது வலிக்காது."

தேவசகாயம் சிலைடை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்போ, இன்னொரு கால்?"

நூர்ஜஹான் மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தார்.

"அதுலயும் இதே ரத்தம்தான் சார் ஓடுது. வார்டுக்குப் போங்க. போய் அந்தப் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. ரத்தம் ஓடுறதால இன்னிக்கு இன்னும் சூடாத்தான் இருக்கும்."