கொட்டிக் காட்டிய பூலுடையார்

பொட்டல்மடை எலுமிச்சைச் சந்தையில் மூட்டை சுமந்து பிழைத்தவர் பூலுடையார். மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து விடியும்போதே வண்டிகள் வந்துவிடும். சாக்கை முதுகில் வாங்கிக் கடை கடையாக இறக்குவார். அதற்கும் முன்னால், சந்தை வாசலில் இருக்கும் வடக்குவாச்செல்வி அம்மன் கோயிலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து முடித்திருப்பார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. கூலியும் கிடையாது.

பக்திமான் என்று பேர் வாங்கியவர்களை நான் லேசில் நம்புகிறவன் அல்ல. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவன் உள்ளே என்ன கணக்குப் போடுகிறான் என்று யாருக்குத் தெரியும்? பூலுடையாருக்கோ உட்காரவே தெரியாது. துடைப்பத்தோடு அம்மனைச் சுற்றிச் சுற்றி வருவார். "நேத்து ஒருத்தன வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். கேட்டுக்கிட்டுதான இருந்த? ஏன் என் வாய அடைக்கல?" என்று அவளிடமே சண்டைக்கு நிற்பார். காலும் ஓயாது, நாக்கும் ஓயாது. அப்படி ஒரு பக்தி.

வயது ஏறி முதுகு ஒத்துழைக்க மறுத்தபோது, வியாபாரிகள் சங்கம் இரக்கப்பட்டுச் சந்தையின் கோடியில் ஒரு துண்டு இடம் கொடுத்தது. விவசாயிகள் கொண்டுவரும் பழத்தை ஏலம் கூறி விற்றுக் கமிஷன் எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் அவரும் ஊரோடு ஒத்துத்தான் விற்றார். சாக்கின் வாயைப் பிரித்துக் காட்டுவார். மேலே கிடப்பதைப் பார்த்து விலை கேட்பார்கள். மேலே கிடப்பது எப்போதும் மஞ்சளாக, பளபளவென்றுதான் இருக்கும். தோட்டத்திலேயே அப்படி அடுக்கித்தான் அனுப்புவார்கள். அடியில் வெம்பலும் அழுகலும் கிடக்கும். சந்தையில் இது தெரியாத ஆள் இல்லை. வெட்கப்பட்ட ஆளும் இல்லை.

ஒரு நாள் காலை கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் காதில் அழுகைச் சத்தம் விழுந்தது. பேருந்து நிலையத்தில் கூறு வைத்து விற்கும் ஒரு பெண், முந்தின நாள் அவரிடம் மூட்டை வாங்கிப் போனவள், அம்மன் முன்னால் குந்தியிருந்தாள். அவர் நிற்பதை அவள் கவனிக்கவில்லை. "ஆத்தா, பாதி மூட்டை அழுகல். யாரு மேலயும் குத்தமில்ல. எனக்குத்தான் பாத்து வாங்கத் துப்பில்ல" என்று சொல்லி, மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போனாள்.

அவள் ஏசியிருந்தால் பூலுடையார் திருப்பி ஏசிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு போனாளே, அதுதான் அவரைப் போட்டு அரித்தது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மனைவி ஆவுடைத்தாய், "நீரு நடக்கிற நடைக்கு இந்நேரம் மதுரைக்கே போயிருக்கலாம். ஒரு இடத்துல இரியும்" என்று சத்தம் போட்டார்.

மறுநாள் பழைய சாக்குகளைத் தைத்து விரித்து, முதல் மூட்டையை அதன்மேல் அடியோடு கவிழ்த்தார். நல்லதும் கெட்டதும் உருண்டு ஓடின. அவரே குனிந்து பொறுக்கிப் பிரித்தார். தூரத்து ஊருக்குப் போகத் தாங்கும் பழம் ஒரு பக்கம், அன்றைக்கே விற்றாக வேண்டியது ஒரு பக்கம், ஊறுகாய்க்குத்தான் ஆகும் என்பது வேறொரு பக்கம். "பாத்துக்கிடுங்க. எல்லாம் வெளியதான் கிடக்கு" என்று ஏலத்தைத் தொடங்கினார்.

சந்தை சிரித்தது. பெரிய கமிஷன் கடை வைத்திருந்த வைரமணி முதலாளி எட்டிப் பார்த்து, "பூலுடையாரு, நீரு பழம் விக்கீரா, பாவமன்னிப்பு கேக்கீரா?" என்று கேட்டார். அந்தக் கேலி ஊரெல்லாம் பரவியது.

கேலியோடு போயிருந்தால் பாதகமில்லை. பழத்தைப் பிரித்து முடிப்பதற்குள் பெரிய வியாபாரிகள் வேறு கடைகளில் வாங்கிக் கிளம்பிவிடுவார்கள். விலை இறங்கும். பழம் போட்டவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பலவேசம் என்றொரு விவசாயி. அம்மனின் கோமரத்தாடியும் அவர்தான். கொடைவிழாவில் அம்மன் இறங்கி ஆடுவது அவர் உடம்பில். அவர் ஒரு நாள் தம் மூட்டைகளை வெடுக்கென்று இழுத்தார்.

"மழையில அடிபட்ட காய நான் எங்கவே கொண்டு போக? குளத்துல கொட்டவா? எல்லாவனும் மூடி விக்கான். நீரு மட்டும் ஏன் நடுச்சந்தையில என் வேட்டிய உருவுதீரு?"

கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பூலுடையாருக்கும் அது தெரிந்தது. "அந்தப் பொம்பள அழுதது காத விட்டுப் போவமாட்டேங்கே. நான் என்ன செய்ய?" என்றார். பலவேசம் வைரமணி கடைக்கு மாறினார். பேச்சும் அறுந்தது. பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். புருஷனைப் பறிகொடுத்துத் தனியாகத் தோட்டம் பார்த்துவந்த பேராச்சி ஒருத்தி மட்டும் மிஞ்சினாள்.

அந்த வருஷக் கொடைக்குச் சங்கம் இரண்டு முடிவு எடுத்தது. அதிகச் சரக்கு விற்ற வைரமணிக்குச் சிறந்த விற்பனையாளர் என்று மேடை போட்டுச் சால்வையும் கேடயமும் கொடுப்பது ஒன்று. கொடைக்கு முந்தின நாள் எந்த இடத்தில் சரக்கு இல்லையோ அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது மற்றொன்று. வைரமணிக்குக் கடையை நீட்டிக் கட்ட இடம் வேண்டியிருந்தது. இந்த விருதுகள் எந்த வழியாக வருகின்றன என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பூலுடையாரின் இடம் பேராச்சியின் மூட்டைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

கொடைக்கு முந்தின நாள் பேராச்சி பழத்தோடு வந்தாள். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"அண்ணாச்சி, இந்த ஒரு தடவ கொட்டாதேயும். காத்துல உதிர்ந்தது அடியில கிடக்கு. கொட்டுனா நான் தலையெடுக்க முடியாது. கொட்டத்தான் செய்வேன்னா சொல்லிரும், வைரமணி கடைக்குப் போயிருதேன்."

பூலுடையார் கோயிலுக்கு ஓடினார். துடைப்பமில்லாமலே சுற்றினார். "வாயத் தொறயேன்! கொட்டுனா அவ வயித்துல அடிக்கேன். மூடி வித்தா இன்னொருத்தி உன் முன்னால வந்து அழுவா. விக்கலைன்னா நாளைக்கு எனக்கு நிக்க இடமில்ல. என்னைய ஏன் இந்த எழவு ஏலம் கூற வச்ச?" அம்மன் முன்னால் விளக்குகூட அசையவில்லை.

திரும்பி வந்தார். "மூடி விக்க என்னால ஆவாது தாயி. உன் பழத்த உன் சம்மதமில்லாம கொட்டவும் மாட்டேன். இறங்காத, அங்கயே இரி" என்றார். பிறகு அவர் செய்ததைத்தான் சந்தை மறக்கவில்லை. வண்டியிலிருந்த மூட்டைகளைத் தம் வளைந்த முதுகில் ஒவ்வொன்றாக வாங்கி, வைரமணி கடையில் கொண்டுபோய் இறக்கினார். தம்மிடம் மிஞ்சியிருந்த ஒரே சரக்கை அவரே சுமந்து கொடுத்தார்.

"என்னவே, பழைய தொழிலுக்கே வந்தாச்சா?" என்றார் வைரமணி.

"ஆமா முதலாளி" என்றார். பேராச்சி கூலி நீட்டியதை வாங்கவில்லை. அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு வண்டியிலேயே இருந்தாள்.

மறுநாள் மதியக் கொடை. மேளம் அதிர்ந்தது. மேடையில் வைரமணி சால்வையோடு நின்றார். பூலுடையார் அந்தப் பக்கமே போகவில்லை. கைவிட்டுப் போகப்போகிற தம் இடத்தைக் கூட்டினார், நடந்தார், மறுபடி கூட்டினார். அம்மன் பலவேசத்தின் மேல் இறங்கினாள். மேடைக்கு வந்து திருநீறு பூசுவாள் என்று எல்லோரும் குனிந்து காத்திருக்க, அவள் மேடையைத் தாண்டிச் சந்தைக்குள் பாய்ந்தாள். கூட்டம் பதறி ஓடியது. கோடிவரை போய், அந்த வெறும் சாக்கு விரிப்பின் நடுவில் சப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

சங்கத்துக்காரர்கள் கைகட்டி, "ஆத்தா, மலையேறணும்" என்று கெஞ்சினார்கள்.

"என் வாசலக் கூட்டுறவன் இடம்லே இது. எவன் எடுக்கான், முன்னால வரச் சொல்லு. எடுத்தா, நானும் இவன் கூடயே போயிருவேன். வெறும் கோயில வச்சுக் கும்பிடுங்க."

யாரும் முன்னால் வரவில்லை. வைரமணி சால்வையைத் தோளிலிருந்து இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அம்மன் பூலுடையாரின் முதுகில் கைவைத்து, "வலிக்கோடா?" என்று கேட்டாள். உட்காரவே தெரியாத மனிதர் அன்று அவள் காலடியில் உட்கார்ந்தார்.

சாமியாட்டத்தில் நடிப்பு உண்டு, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இதை நம்புகிறேன். ஏனென்றால் ஆடியவர் பலவேசம். சாமி மலையேறியதும் அவர் கண்ணைக் கசக்கிச் சுற்றிலும் பார்த்து, "இந்தாளு கடைக்கு என்னைய எவன்லே தூக்கிட்டு வந்தது?" என்று கத்தினார். மெனக்கெட்டாலும் அப்படிப் பொய் சொல்ல வராது.

இடம் தப்பியது. கேடயத்தை வைரமணிதான் வீட்டுக்குக் கொண்டு போனார். தொங்கவிட்டிருப்பார். தொங்கட்டும்.

கொடை முடிந்து சந்தை திறந்த அன்று முதலில் வந்தவர் பலவேசம். மூட்டையை இறக்கிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "கொட்டித் தொலையும்" என்றார். அன்றும் விலை குறைந்துதான் போனது, அதை நான் மறைக்கமாட்டேன். பலவேசம் பல்லைக் கடித்தார், ஆனால் மறுபடியும் வந்தார். பேராச்சியும் வந்தாள். போகப்போகத் தூரத்து வியாபாரிகள் பூலுடையார் பிரித்த பழம் என்றால் சாக்கைத் தொட்டுப் பார்க்காமலே வாங்கினார்கள்.

எங்கோ ஓர் ஊரில், முகம் தெரியாத ஒருத்தி மூட்டையைப் பிரிக்கும்போது அழக்கூடாது என்பதற்காக ஆயுசெல்லாம் நிலைகொள்ளாமல் நடந்தவர் பூலுடையார். அவர் நடந்த மண்ணுக்கும் ஒரு கும்பிடு.