குங்கிலியம் பூசிய வயர்

பாம்பன் தீவுக்கு வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்பார்கள். பெரும்பாலும் அலை அடங்கியே கிடக்கும். கணவாய் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. ஆனால் டீசல் இன்ஜினை முடுக்கினால் கணவாய் இருந்த இடம் தெரியாமல் ஓடிவிடும். அதனால் சந்தியாகு தன் சின்னப் படகுக்குச் சத்தம் போடாத பேட்டரி மோட்டார் ஒன்றை வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? அதைத் தன் கையாலேயே பூட்டி, தானே வயர் இழுப்பேன் என்று வீம்பு பிடித்தார்.

அதற்காக அறுபத்தொரு வயதில் அவர் ஆக்னஸிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆக்னஸுக்கு முப்பத்துமூன்று வயது. தங்கச்சிமடம் கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டுப் படகுகளுக்கு வயரிங் செய்கிறவள்.

"கடலைக் கரைச்சுக் குடிச்ச மனுசன், பொம்பளப் புள்ளகிட்ட ஆனா ஆவன்னா படிக்கிறாரு" என்று ஊரில் கேலி பேசினார்கள். சந்தியாகுவுக்கு ரோஷம் வரவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் என்ன குறைச்சல்? வாய் நிறைய "டீச்சர்" என்றே கூப்பிட்டார்.

டீச்சரிடம் ஒரு குணம் உண்டு. கேள்வி கேட்டால் பதில் வராது. கையில் ஒரு வேலை வரும்.

அந்த வெள்ளிக்கிழமை சந்தியாகு கேட்ட கேள்வி வயரிங் பற்றியது அல்ல.

"டீச்சர், ஒரு சங்கதி."

"சொல்லுங்க பெரியப்பா."

"நம்ம பிரிஜித்தைப் பொண்ணு கேட்டு மண்டபத்துல இருந்து ஆள் வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு ஐஸ் கம்பெனியில வேலையாம். அவனும் பொண்டாட்டிய இழந்தவன்தான். ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

பிரிஜித் அவருடைய மருமகள். மகன் மஞ்சள்காமாலையில் போய் மூன்று வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. சந்தியாகுவின் மனைவி அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். இப்போது வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். பிரிஜித்தும் போய்விட்டால் பேச்சுத்துணைக்குச் சுவர்தான் மிச்சம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுமில்லை.

"பிரிஜித் என்ன சொல்லுது?"

"'நீங்க சொல்றபடி மாமா'ங்குது. என்னத்தச் சொல்ல? என் வீட்டுல அதுக்கு என்ன குறை? அதோட அண்ணன்காரன் ரெண்டு தடவ வந்து கூப்பிட்டான். அசையலையே! கோயில்ல பாட்டுப் பாடிக்கிட்டிருந்த புள்ள, இப்ப அதுக்குக்கூடப் போறதில்ல. வீடே கதின்னு கெடக்கு. அவ்வளவு கெட்டியான பாசம். அதைப் போய் அறுத்து விடவா? நீயே சொல்லுத்தா."

ஆக்னஸ் படகைப் பார்த்தாள். மோட்டார் முன்மூக்கில் பூட்டியாகிவிட்டது. பாரம் சரியாக நிற்கட்டும் என்று பேட்டரியைப் பின்பக்கம் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே வயர் ஒரு பாகம் குறைந்தது. இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் அது.

"வயரு எட்டல. இந்தத் துண்ட ஒட்டுப் போடுங்க பெரியப்பா. காலையில ஓட்டிப் பாப்போம்" என்றாள்.

சந்தியாகுவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் உட்கார்ந்தார்.

நாற்பது வருடம் கயிறு பிணைத்த கை அது. சிவப்பு வயரின் தோலை உரித்தார். செம்பு இழைகளைப் பிரித்தார். கயிற்றைப் பிணைப்பதற்கு முன் புரிகளுக்கு என்ன செய்வாரோ அதையே இதற்கும் செய்தார். படகின் பலகை இடுக்கில் பூசுவதற்காக எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியப் பிசின் ஒரு டப்பாவில் இருந்தது. அதை இளக்கி, ஒவ்வொரு இழையிலும் தேய்த்தார். உப்புத்தண்ணி ஏறக்கூடாது அல்லவா? பிறகு இழைகளைப் பின்னினார். மேலே நைலான் நூலைச் சுற்றி இறுக்கினார். அதற்கு மேல் டேப். கறுப்பு வயருக்கும் அதே மரியாதை.

ஆக்னஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது கருவிப் பையில் எதையோ எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை இருவரும் கடலில் இறங்கினார்கள். தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கரையிலிருந்து கம்பு ஊன்றிக் கொஞ்ச தூரம் போனதும் சந்தியாகு மோட்டாரை முடுக்கினார். சத்தமே இல்லை. படகு நகர்ந்தது.

"போகுதுத்தா!"

போனது. ஆனால் நகர்ந்ததே தவிர ஓடவில்லை. மோட்டார் பிடியை முழுக்கத் திருப்பியும் தண்ணீருக்குள் விசிறி சோம்பலாகத்தான் சுற்றியது.

"பேட்டரி செத்துப்போச்சோ?"

"பேட்டரி ஃபுல்லு."

"மோட்டாருல கோளாறா?"

"மோட்டாரு புதுசு."

"அப்ப ஒட்டுதான்னு சொல்லுவ. ஒட்டுல ஒண்ணுமில்ல டீச்சர். இந்தா பாரு." ஒரு காலை ஊன்றிக்கொண்டு வயரை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். "இருபது பேரு நின்னு இழுத்தாலும் பிய்யாது."

"பிய்யாதுதான்" என்றாள் ஆக்னஸ்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சந்தியாகு மூக்கை உறிஞ்சினார். கடல் மேல் கோயில் வாசனை. மகனின் சவப்பெட்டியைச் சுற்றி வந்து சாமியார் தூபம் காட்டிய அன்று அடித்த அதே வாசனை.

"எங்கிருந்து வருது?"

"ஒட்டு மேல கைய வச்சுப் பாருங்க."

வைத்தவர் வெடுக்கென்று எடுத்துவிட்டார்.

"சுடுது!"

"ம்."

"இவ்வளவு சூட்டுக்கு ப்யூஸ் போயிருக்கணுமே?"

"கரண்டு அளவுக்கு மேல ஓடினாத்தான் ப்யூஸ் போகும். இங்க சரியா ஓடவே வழியில்ல. ப்யூஸுக்கு ஒண்ணும் தெரியாது. ஒட்டு வெளியில எதுவும் காட்டாம, இருந்த இடத்துலயே வெந்துக்கிட்டிருக்கும்."

ஆக்னஸ் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். ஒட்டு ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு டேப்பைக் கீறி, நூலை அறுத்து, பின்னலை விரித்து அவர் முன்னால் நீட்டினாள். இழைக்கும் இழைக்கும் நடுவே குங்கிலியம் உருகி, தூபம் மாதிரிப் புகைந்து கருகிப் போயிருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து இழைகள்தான் ஒன்றையொன்று தொட்டிருந்தன; கரண்டு போக அவ்வளவுதான் வழி.

சந்தியாகு அதையே பார்த்தார். இவ்வளவு பக்குவமாகச் செய்த வேலை தன்னை இப்படிக் காலை வாரும் என்று அவர் நினைக்கவில்லை.

"கெடுதல் வரக்கூடாதுன்னுதான டீச்சர் பூசுனேன்."

"தெரியும் பெரியப்பா. பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"பாத்துக்கிட்டா இருந்த? அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

ஆக்னஸ் பையைத் திறந்தாள். ஒரு பாகத்துக்கு மேலேயே புது வயர் இருந்தது. செம்புக் குழல்களும் இருந்தன. சிவப்பு வயரை அவள் எடுத்துக்கொண்டாள். பழைய துண்டைக் கருகிய முனையோடு வெட்டித் தள்ளிவிட்டு, இழைகள் பளபளக்கும்வரை துடைத்தாள். அதன் முனையையும் புது வயரின் முனையையும் குழலுக்குள் எதிரெதிராகச் செருகி, ப்ளையரால் அழுத்தினாள். அதற்கு மேல் ஒரு ரப்பர் உறையை இழுத்துவிட்டு லைட்டரைக் காட்டினாள். உறை சுருங்கி வயரைக் கவ்விக்கொண்டது.

"தண்ணி ஏறாம இருக்க மறைப்பு வேணும். வேணாம்னு சொல்லல. அது வெளியில இருக்கணும். நடுவுல இல்ல."

கறுப்பு வயரை அவரிடம் நீட்டினாள். சந்தியாகுவின் கை முதலில் பழக்க தோஷத்தில் நூலைத் தேடியது. பிறகு தானே நின்றுகொண்டது. மெதுவாகத் துடைத்தார். செருகினார். அழுத்தினார்.

மறுபடியும் பேட்டரியை இணைத்து, பிடியைத் திருப்பியபோது படகு சீறிக்கொண்டு போனது. கணவாய் மேயும் பாறைக்கு வந்து சேர்ந்ததே தெரியவில்லை. சந்தியாகு குனிந்து ஒட்டை இழுத்துப் பார்க்கப் போனார்.

"கயிறுன்னா இழுத்துப் பாக்கணும்" என்றாள் ஆக்னஸ். "வயருன்னா சூடு பாக்கணும்."

புறங்கையை வைத்துப் பார்த்தார். காலைக் காற்று மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை டீச்சர்."

"ஆமா."

"நேத்து பிரிஜித் சங்கதி கேட்டேன். நீ ஒண்ணுமே சொல்லலையே."

ஆக்னஸ் ப்ளையரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

"அண்ணன்காரன் ரெண்டு தடவ வந்து இழுத்துப் பாத்தும் பிய்யலைன்னு சொன்னீக" என்றாள். "சூடு பாத்தீகளா பெரியப்பா?"

"கோயில் பாட்ட எதுக்கு விட்டன்னு ஒரு நாளும் அதுகிட்ட கேட்டதில்ல" என்றார் சந்தியாகு. தூண்டில் பெட்டி திறக்காமலேயே கிடந்தது. பிடியைத் திருப்பிப் படகைக் கரைக்கு விட்டார்.